ஆய்வுக்கூடத்திலிருந்து அமைச்சரவைக்கு

(தோட்டப் படிப்பகமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

சென்ற முறை நான் இப்படிப்பகத்திற்கு வந்திருந்தபோது, ஐந்தாம் படிவத்தில் பயிலும் மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். “ஐயா, சட்டம் படித்தவர்கள் அரசியலுக்கு வருகிறார்கள், அறிவியல் படித்தவர்கள் ஆய்வுக்கூடத்திலேயே இருந்துவிடுகிறார்கள். அறிவியல் படித்த ஒருவர் நாட்டை ஆளும் வேலைக்கு வந்ததுண்டா? வந்தால் அந்தப் படிப்பு அங்கே பயன்படுமா?” என்று கேட்டார். அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே இன்று ஒருவருடைய வாழ்க்கையையே விடையாகக் கொண்டுவந்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது உலகோர் முதலில் குறிப்பிடுவது நார்வே நாட்டின் பிரிட்யோப் நான்சென் என்பவரைத்தான். 1861-இல் பிறந்த அவர் விலங்கியல் அறிஞர். நரம்புகளின் அமைப்பை ஆராய்ந்து 1888-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் பனி மூடிய கிரீன்லாந்தைப் பனிச்சறுக்குக் கட்டைகளின் துணைகொண்டு குறுக்கே கடந்தார். 1905-இல் நார்வே சுவீடனிலிருந்து பிரிந்து தனி நாடானபோது அதற்காக வாதாடினார். இலண்டனில் அந்நாட்டின் தூதராகவும் பணியாற்றினார். முதல் உலகப் போருக்குப் பின் நாடிழந்து நின்ற அகதிகளுக்கு அவர் பெயராலேயே ஒரு பயணச் சீட்டு வழங்கப்பட்டது. 1922-இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

நார்வே நமக்கு எட்டாத தொலைவு. நமக்குப் பக்கத்திலேயே, நம்முடைய பேரா மாநிலத்தில் பிறந்து, சிங்கப்பூரில் பணியாற்றிய ஒருவர் இருந்தார். அவர்தாம் டாக்டர் தோ சின் சாய். அவரைப் பற்றியதே இன்றைய என் பேச்சு.

அவர் 1921-ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் பிறந்தார். தைப்பிங் செயின்ட் ஜார்ஜ் பள்ளியிலும், ஈப்போ ஆண்டர்சன் பள்ளியிலும் பயின்றார். பின்னர் சிங்கப்பூரில் இராபிள்ஸ் கல்லூரியில் அறிவியல் படிக்கச் சென்றார். புக்கிட் தீமாவில் அக்கல்லூரி அமைந்திருந்த இடத்தை அடுத்துத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. அந்தப் பூங்காவுக்கும் உங்கள் கையிலுள்ள உளிக்கும் ஒரு தொடர்புண்டு. ஆதலால் சற்று விலகிச் செல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1877-இல் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து வந்த ரப்பர் நாற்றுகள் அந்தப் பூங்காவில் நடப்பட்டன. சில நாற்றுகள் நம் கோலகங்சாருக்கும் வந்தன. 1888-இல் ஹென்றி ரிட்லி என்ற தாவரவியல் அறிஞர் அப்பூங்காவின் பொறுப்பை ஏற்றார். பட்டையில் மெல்லிய சீவலை மட்டும் எடுத்து, உள்மரத்தைக் காயப்படுத்தாமல், ஆண்டுக்கணக்கில் ஒரே மரத்தில் பால் எடுக்கும் முறையை வகுத்தவர் அவரே. அதுவரை பிரேசில் காடுகளில் மரத்தைக் கொத்திக் காயப்படுத்திப் பால் எடுத்துவந்தனர். ரப்பர் பயிரிடுங்கள் என்று காண்போரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ரிட்லியைத் துரைமார்கள் ‘கிறுக்கு ரிட்லி’ என்று எள்ளி நகையாடினார்கள். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் நீங்கள் பட்டையில் இழுக்கும் ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

நம் கதைக்குத் திரும்புவோம். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் கல்லூரி மூடப்பட்டது. போர் ஓய்ந்த பின்னர், 1946-இல் தோ சின் சாய் அறிவியலில் டிப்ளோமா பெற்றார். அதன்பின் இலண்டன் சென்று உடலியல் படித்தார். உடலுக்குள் ஒவ்வோர் உறுப்பும் எவ்வாறு இயங்குகிறது என்று ஆராயும் துறை அது. அங்கு மருத்துவ ஆய்வுக்கான தேசிய நிலையத்தில் பணியாற்றி, 1953-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்த நிலையத்தில் அவருடன் இணைந்து ஆராய்ச்சி செய்தவர் வில்ஹெல்ம் பெல்ட்பெர்க். இவர் யூதர். 1933-இல் இட்லரின் ஆட்சி வந்ததும் பெர்லினில் வேலை பறிக்கப்பட்டு, நாட்டைவிட்டு வெளியேறியவர். அடிமை நாட்டிலிருந்து வந்த ஒரு சீன மாணவரும், நாடு துரத்திய ஓர் அறிஞரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்த ஆராய்ச்சி 1953-இல் உடலியல் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது.

அவர்கள் ஆராய்ந்தது என்ன? இன்று மருத்துவர்கள் ‘செரட்டோனின்’ என்று கூறும் ஒரு வேதிப்பொருள். மனச்சோர்வுக்கு மருந்து கொடுக்கும்போது அந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இத்தாலிய அறிஞர் ஒருவர் அதைக் குடலில் கண்டு ஒரு பெயர் இட்டார். அமெரிக்கர்கள் இரத்தத்தில் கண்டு வேறு பெயர் இட்டார்கள். இரண்டும் ஒன்றே என்று 1952-இல்தான் தெளிவாயிற்று. உணவுப் பாதையின் சுவரில் எந்த இடத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து கண்டவர்கள் பெல்ட்பெர்க்கும் தோ சின் சாயும். நம் உடலிலுள்ள அப்பொருளில் பெரும்பகுதி மூளையில் இல்லை, குடலில்தான் இருக்கிறது என்பது இன்று பாடநூற்செய்தி.

அளவு என்று சொன்னேன். அக்காலத்தில் இவ்வளவு நுண்ணிய பொருளை அளக்க இன்றுள்ள கருவிகள் கிடையா. சாற்றை எடுத்து, உயிருள்ள தசைத்துண்டு ஒன்றின்மேல் விட்டு, அது எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்து மதிப்பிடுவார்கள். ஒரு முறை செய்தால் போதாது, பன்முறை செய்யவேண்டும். தான் விரும்பும் விடை வரவில்லையென்றால், வந்த விடையைத்தான் எழுதவேண்டும். பால் கொட்டகையில் நிற்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாளி நிறைந்திருக்கிறதா என்பது அங்கே கேள்வியன்று. அந்தப் பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்பதே கணக்கு. தண்ணீர் கலந்தால் அளவி காட்டிக்கொடுத்துவிடும். தோ சின் சாய் ஆய்வுக்கூடத்தில் கற்றது அந்த அளவியின் குணத்தையே.

இலண்டனில் அவர் படிப்போடு மட்டும் நின்றுவிடவில்லை. 1949-இல் நம் நாட்டு மாணவர்கள் அங்கே மலாயா மன்றம் என்ற அமைப்பை நிறுவினார்கள். நம் இரண்டாம் பிரதமர் துன் அப்துல் ரசாக்கும், மலாக்காவில் பிறந்த கோ கெங் சுவீயும் அதைத் தோற்றுவித்தோருள் அடங்குவர். கோ கெங் சுவீக்குப் பின் அதன் தலைமைப் பொறுப்பைத் தோ ஏற்றார். நாடு விடுதலை பெறவேண்டும், பெற்றபின் என்ன செய்யவேண்டும் என்பதே அங்கே நடந்த விவாதம்.

நாடு திரும்பியதும் அவர் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் உடலியல் விரிவுரையாளர் ஆனார். பகலில் மாணவர்க்குப் பாடம். மாலையில் ஆக்ஸ்லி சாலையில் வழக்கறிஞர் லீ குவான் இயூவின் வீட்டு நிலவறையில் கூட்டம். 1954 நவம்பர் 21-ஆம் நாள் விக்டோரியா நினைவு மண்டபத்தில் மக்கள் செயல் கட்சி தொடங்கப்பட்டது. லீ செயலாளர், தோ தலைவர். விழாவுக்குத் துங்கு அப்துல் இரகுமானும் வந்திருந்தார். அக்கட்சியைத் தோற்றுவித்தவர்களில் இருவரை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் எஸ். இராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர். அவருடைய தந்தையார் ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளர். மற்றவர் தேவன் நாயர்; மலாக்காவில் பிறந்தவர். அவருடைய தந்தையார் ரப்பர் தோட்டத்தில் கிராணி. ஒருவர் பின்னர் வெளியுறவு அமைச்சரானார், மற்றவர் அதிபரானார். பால்மரக் காட்டின் காற்று அந்த நிலவறைக்குள்ளும் வீசியது என்று நான் சொன்னால் மிகையாகாது.

1959 மே 30-இல் நடந்த தேர்தலில் 51 இடங்களில் 43 இடங்களை அக்கட்சி வென்றது. பிரதமர் யார் என்று கட்சியின் செயற்குழுவில் முடிவு செய்தபோது, லீ குவான் இயூவுக்கும் ஓங் எங் குவானுக்கும் வாக்குகள் சமமாக விழுந்தன என்றும், தலைவர் என்ற முறையில் தாம் அளித்த வாக்கே லீயைப் பிரதமராக்கியது என்றும் பின்னாளில் தோ கூறினார். அப்படியொரு வாக்கெடுப்பு நடக்கவே இல்லை என்று மறுத்தவர்களும் உண்டு. தோ துணைப் பிரதமரானார்.

அவருக்குக் கிடைத்த முதல் வேலைகளுள் ஒன்று நாட்டுக்குக் கொடியும் சின்னமும் உருவாக்குவது. கொடி முழுதும் சிவப்பாக இருக்கட்டும் என்ற எண்ணம் முதலில் இருந்தது. முழுச் சிவப்பு பொதுவுடைமைக் கட்சியினரின் கொடியாகத் தோன்றிவிடும் என்று கருதி, அது கைவிடப்பட்டது. சிவப்பும் வெள்ளையும், பிறையும், ஐந்து விண்மீன்களும் கொண்ட கொடி அமைந்தது. மக்களாட்சி, அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம் என்பன அந்த ஐந்து விண்மீன்களின் பொருள். சின்னத்தில் ஒருபுறம் சிங்கம், மறுபுறம் புலி. அந்தப் புலி மலாயாவோடு உள்ள உறவைக் குறிப்பது. சுபிர் சைட் இயற்றிய ‘மஜுலா சிங்கப்பூரா’ நாட்டுப்பண் ஆயிற்று. 1959 டிசம்பர் 3-ஆம் நாள் யூசோப் இஷாக் நாட்டின் தலைவராகப் பதவியேற்றபோது இவையனைத்தும் மக்கள் முன் வைக்கப்பட்டன. யூசோப் இஷாக்கும் பேராவில் பிறந்தவரே. இன்று சிங்கப்பூர் நாணயத்தாளில் அவருடைய முகத்தைக் காணலாம்.

தோ போட்டியிட்ட தொகுதியின் பெயர் ரோச்சோர். சிங்கப்பூருக்குச் சென்றவர்கள் தேக்காவைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டீர்கள். சிராங்கூன் சாலை தொடங்கும் இடத்தில், பூக்கடையும் மளிகைக் கடையும் கடந்து நடந்தால் ஒரு கால்வாய் வரும். அதுதான் ரோச்சோர் கால்வாய். தொகுதிக்கு அந்தப் பெயரே. 1963 செப்டம்பர் 21-இல் நடந்த தேர்தலில் அங்கே தோவை எதிர்த்து நின்றவர் பாரிசான் சோசியலிஸ் கட்சியின் தலைவர் டாக்டர் லீ சியூ சோ. மருத்துவரும் உடலியல் அறிஞரும் மோதிய தேர்தல் அது! துணைப் பிரதமர் எத்தனை வாக்கு மிகுதியில் வென்றார் தெரியுமா? 89. எண்பத்தொன்பதே வாக்குகள். உங்களுள் சிலர் தேர்தல் நாளில் “என் ஒரு வாக்கினால் என்ன ஆகப்போகிறது?” என்று வீட்டில் இருந்துவிடுவதாகக் கேள்விப்படுகிறேன். நமது தோட்டத்தில் ஒரு லயத்தில் குடியிருப்போரை எண்ணிப்பாருங்கள். அந்தத் தொகையே ஒரு துணைப் பிரதமரை வீட்டுக்கு அனுப்பியிருக்கும்.

அதே மாதம் 16-ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவுடன் இணைந்திருந்தது. 1965 ஆகஸ்டு 9-இல் பிரிந்தது. அதன் காரணங்களை ஆராய்வது என் நோக்கமன்று. தோவின் மனநிலையை மட்டும் சொல்கிறேன். பிரிவினை ஒப்பந்தம் தயாரான பின்னரே அவர் கோலாலம்பூருக்கு அழைக்கப்பட்டார். அவரும் இராஜரத்தினமும் கையெழுத்திட மறுத்தார்கள். ஒருவர் பிறந்தது பேராவில். மற்றவர் வளர்ந்தது சிரம்பானில். ஒரு கையெழுத்தினால் பிறந்த மண் வெளிநாடாகிவிடும் என்றால் யாருடைய கைதான் எளிதில் எழும்? வேறு வழியில்லை என்று துங்கு கைப்பட எழுதிய கடிதம் வந்த பின்னரே தோ கையெழுத்திட்டார். காலமெல்லாம் அந்த நாளை அவர் மகிழ்ச்சியுடன் நினைத்ததில்லை.

1968-இல் அவர் துணைப் பிரதமர் பதவியிலிருந்து விலகி, அறிவியல் தொழில்நுட்ப அமைச்சராகவும், அதே வேளையில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் 1975 வரை இருந்தார். இதில் எனக்கு உடன்பாடில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அரசின் குறையை அஞ்சாமல் எடுத்துக்காட்ட வேண்டிய இடம் பல்கலைக்கழகம். அமைச்சரே அதன் தலைவராகவும் அமர்ந்தால் ஆசிரியர்களும் மாணவர்களும் வாயைத் திறக்கத் தயங்குவார்கள். எவ்வளவு நல்லவர் அமர்ந்தாலும் இது மாறாது. 1975 முதல் 1981 வரை சுகாதார அமைச்சராக இருந்தார். அதன்பின் அவருக்கு அமைச்சரவையில் இடமில்லை; கட்சித் தலைமையும் அந்த ஆண்டிலேயே கைமாறியது. புதிய தலைமுறைக்கு வழிவிட வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். அவ்வளவு விரைவாகப் பழையவர்களை ஒதுக்குவதை அவர் விரும்பவில்லை.

மாணவத் தம்பி கேட்ட வினாவின் இரண்டாம் பகுதிக்கு இங்கேதான் விடை இருக்கிறது. பதவி போனபின், பின்வரிசையில் அமர்ந்த அந்த எழுவருட காலத்தில்தான் அவருடைய பழைய படிப்பு வெளிப்படையாகப் பேசியது.

1983 ஆகஸ்டு மாதத் தேசிய நாள் உரையில் பிரதமர் லீ குவான் இயூ ஒரு கவலையை வெளியிட்டார். பட்டம் பெற்ற பெண்கள் குறைவாகப் பிள்ளை பெறுகிறார்கள். படிக்காத பெண்கள் மிகுதியாகப் பெறுகிறார்கள். அறிவு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஆதலால் நாட்டின் அறிவுத்திறன் குன்றிவிடும் என்பது அவர் வாதம். 1984-இல் அது திட்டமாயிற்று. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்ற பட்டதாரித் தாயின் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் சேர முன்னுரிமை. மறுபுறம், பள்ளிக்கல்வி குறைந்த ஏழைத் தாய்மார் ஒன்றிரண்டு பிள்ளைகளோடு கருத்தடை அறுவை செய்துகொண்டால் 10,000 வெள்ளி ஊக்கத்தொகை.

தாய்மார்களே, இதை நிதானமாக எண்ணிப்பாருங்கள். என்னுடைய தாயார் சம்பளப் புத்தகத்தில் கைநாட்டு வைத்தவர். இங்கே அமர்ந்திருக்கும் பலருடைய தாயாரும் அப்படியே. அந்தக் கணக்கின்படி நாமெல்லாம் நாட்டின் அறிவைக் குறைக்கப் பிறந்தவர்கள்!

தேக்காவுக்கு அருகில், அதே ரோச்சோர் கால்வாயை ஒட்டிக் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை இருந்தது. எருமைத் தொழுவம் என்பது அப்பெயரின் பொருள். சிராங்கூன் வட்டாரத்தில் நம்மவர் மாடு வளர்த்த காலத்தின் அடையாளம். 1966-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்தன. உலகில் வேறெந்த மகப்பேற்று மருத்துவமனையிலும் ஓராண்டில் அத்தனைக் குழந்தைகள் பிறந்ததில்லை என்று பதிவாயிற்று. வரிசையாகக் கிடந்த அந்தத் தொட்டில்களில் எது அறிவாளியின் தொட்டில் என்று தாயின் சான்றிதழைப் பார்த்து யாரால் சொல்ல முடிந்திருக்கும்? தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது உண்டு. அதை அறிவியல் மறுக்கவில்லை. ஆனால் தாய் படிக்காதது அறிவில்லாமையாலா, அன்றிப் பள்ளிக்கூடம் இல்லாமையாலா என்று பிரித்து அளக்காமல் சட்டம் செய்வது, பாலில் தண்ணீர் எவ்வளவு என்று பாராமல் சம்பளம் போடுவதை ஒக்கும். ஒரு தலைமுறைக்கு முன் நம் பெண்பிள்ளைகளில் எத்தனை பேர் பள்ளி வாயிலை மிதித்தார்கள்?

அந்தத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசியவர்களுள் டாக்டர் தோ சின் சாய் ஒருவர். தாம் தொடங்கிய கட்சி. தாமே 27 ஆண்டுக்காலம் தலைமை தாங்கிய கட்சி. தம் வாக்கினால் பிரதமரானார் என்று தாமே நம்பிய பழைய தோழர். அவர்களுக்கு எதிரேதான் எழுந்து நின்றார். உடலைப் பற்றி ஆராய்ந்து பட்டம் பெற்றவர் என்பதால் பரம்பரை என்ற சொல்லைக் கேட்டு அவர் மலைக்கவில்லை. மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புத் திட்டத்தையும் அவர் அதே காலத்தில் குறைகூறினார். அதில் அவர் சொன்னதெல்லாம் சரியென்று நான் சொல்லமாட்டேன். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. பட்டதாரித் தாய்மார் திட்டத்தில் அப்படியில்லை.

1984 டிசம்பர்த் தேர்தலில் ஆளுங்கட்சி வென்றது; ஆயினும் அதன் வாக்கு விழுக்காடு முந்திய தேர்தலைவிட 12-க்கு மேல் சரிந்தது. பட்டதாரிப் பெண்களிலேயே பலர் அந்தச் சலுகை எங்களுக்கு வேண்டா என்று கூறினார்கள். 1985-இல் பள்ளி முன்னுரிமை கைவிடப்பட்டது. தோ ஒருவரால் அது நடந்தது என்று சொல்வது சரியன்று. எதிர்த்தவர்கள் பலர். ஆனால் ஆளுங்கட்சி வரிசையிலிருந்து அந்தக் குரல் எழுந்தது என்பதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

1988-இல் அவர் நாடாளுமன்றத்தை விட்டு ஓய்வு பெற்றார். 1959 முதல் அதுவரை ரோச்சோர் தொகுதியை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை. அதன்பின் அரசியல் மேடைகளில் அவரைக் காண்பது அரிதாயிற்று. 2012 பிப்ரவரி 3-ஆம் நாள், தமது 90-ஆம் வயதில் சிங்கப்பூரில் காலமானார். 1953-ஆம் ஆண்டு ஆய்விதழில் பெல்ட்பெர்க்கின் பெயருக்குப் பக்கத்தில் அச்சான அவருடைய பெயர் இன்றும் அப்படியே இருக்கிறது. குடலையும் செரட்டோனினையும் பற்றி எழுதுவோர் அந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டுகிறார்கள். அவர்களுள் பலருக்கு, இந்த மனிதர் ஒரு நாட்டின் துணைப் பிரதமராக இருந்தவர் என்பது தெரிந்திருக்காது.

நேரமாகிவிட்டது. விடிந்தால் உங்களுக்குப் பிரட்டு இருக்கிறது. வினா எழுப்பிய தம்பி பின்வரிசையில் அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். அவருக்கு மேலும் கேள்விகள் இருக்கும் என்றே நினைக்கிறேன்; விளக்கை அணைக்கும் வரை நான் இங்கேதான் இருப்பேன்.